கதவே பெட்டி: காரில் நல்ல ஒலி எங்கிருந்து பிறக்கிறது

காரோடு வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய ஸ்பீக்கர்களை அதே துளையில் பொருத்திப் பார்த்த பலரும் சொல்லும் குறை ஒன்றே. பாடகரின் குரல் பளிச்சென்று கேட்கிறது, வயலின் தெளிவாக இருக்கிறது, ஆனால் தவிலின் அடியும் மிருதங்கத்தின் தொப்பியும் எங்கே போயின என்று தெரியவில்லை. உடனே கடைக்காரர் இன்னும் அதிக வாட் கொண்ட ஸ்பீக்கரையோ, டிக்கியில் வைக்க, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரையோ காட்டுவார். புதுச்சேரியிலும் கடலூரிலும் கார் அலங்காரக் கடைகளில் அடிக்கடி கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. அது திருகப்பட்டிருக்கும் கதவில் இருக்கிறது. வீட்டில் நாம் ஸ்பீக்கர் என்று சொல்லும் பொருள், கூம்பும் காந்தமும் மட்டுமல்ல, அவற்றைச் சுமக்கும் மரப்பெட்டியும் சேர்ந்ததுதான். காரில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்ய வேண்டியது கதவு. ஆனால் கதவைச் செய்தவர்கள் அதைக் கண்ணாடி ஏறி இறங்குவதற்காகவும், விபத்தில் தாங்குவதற்காகவும், மழைநீர் வடிவதற்காகவும் செய்தார்களே தவிர, தவில் கேட்பதற்காகச் செய்யவில்லை.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கி நகரும்போது எதிரே உள்ள காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் அதன் முதுகுப் பக்கத்தில் காற்று விரிகிறது. ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இவை இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உயர்ந்த சுருதி ஒலிகளுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை, ஏனெனில் அவற்றின் அலைநீளம் சில சென்டிமீட்டர்களே. அவை கூம்பிலிருந்து நேராக முன்னோக்கிப் போய்விடுகின்றன. தாழ்ந்த ஒலிகளின் நிலை வேறு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்பீக்கர் ஒரு தடையே அல்ல. பின்பக்க ஒலி விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து முன்பக்க ஒலியோடு கலந்து அதை அழித்துவிடுகிறது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கழற்றிய பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேட்டால் தகரக் குரலாக ஒலிக்கும். ஓர் அகலமான பிளைவுட் துண்டில் அதன் அளவுக்கு வட்டமாகத் துளையிட்டு, அதில் இறுக்கிப் பொருத்தி மீண்டும் கேட்டால், அதே ஸ்பீக்கரிலிருந்து, அதே வாட்டில், இல்லாத பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வந்து நிற்கும். பலகை எதையும் பெருக்கவில்லை; முன்னையும் பின்னையும் பிரித்து வைத்தது, அவ்வளவுதான்.

இப்போது கதவின் உள்பக்க பிளாஸ்டிக் உறையை, அதாவது கடைகளில் டோர் பேட் என்று சொல்லப்படுவதைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலான கார்களில் என்ன தெரியும்? வெளித்தகடு ஒன்று, அது ஒரு மில்லிமீட்டரைவிடவும் மெல்லிய இரும்பு. உள்தகடு ஒன்று, கண்ணாடி ஏற்றும் மோட்டாரையும் பூட்டையும் பழுதுபார்க்கக் கை நுழைவதற்காக அதில் பெரிய பெரிய துளைகள். அந்தத் துளைகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அந்தத் துளைகள் வழியாகவே வெளியேறி, டோர் பேடுக்குப் பின்னால் சுற்றி, முன்பக்க ஒலியை அழிக்கிறது. மிச்சமிருக்கும் சக்தியில் ஒரு பங்கு வெளித்தகட்டை அதிர வைக்கிறது. அந்த அதிர்வுதான் சில பாடல்களில் குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் கதவு கரகரப்பதற்குக் காரணம். ஆகவே கதவில் செய்ய வேண்டியவை மூன்று: தகட்டின் அதிர்வை அடக்குவது, உள்தகட்டின் துளைகளை மூடுவது, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் செய்வது. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு நடுத்தர ஜோடி ஸ்பீக்கரின் விலைக்குள் அடங்கும். பயனோ அதைவிடப் பெரிது.

கதவைத் திறப்பதற்கு முன்

எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றிய உடனே வேலையில் இறங்காமல் சில நிமிடங்கள் காத்திருப்பது நல்லது, ஏனெனில் காற்றுப்பை அமைப்பில் சேமிக்கப்பட்ட மின்சாரம் வடிவதற்கு அந்த நேரம் வேண்டும். காருக்குள் மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறையிட்ட வயரோ தென்பட்டால், அது பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியது. அதைக் கழற்றவோ, சோதனை விளக்கு வைத்துப் பார்க்கவோ கூடாது. மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தத்தைச் சுமப்பவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது.

டோர் பேட் சில திருகுகளாலும் ஓரம் முழுவதும் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் பிடிக்கப்பட்டிருக்கும். திருகுகள் கைப்பிடிக் குழியின் அடியிலும், கதவைத் திறக்கும் கொக்கியின் பின்னாலும், சிறிய மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிக் கழற்றாமல் பேடை இழுத்தால் பேட் உடையும். கிளிப்புகளுக்கு ஸ்க்ரூடிரைவரைவிட பிளாஸ்டிக் நெம்புகோல் சிறந்தது, பெயின்ட் கீறாது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில கிளிப்புகள் உடையும். அந்த மாடலுக்கான கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால், உடைந்த இடத்தில் பேட் தளர்ந்து புதிதாக ஒரு கடகட சத்தம் கிளம்புவதைத் தவிர்க்கலாம்.

அதிர்வை அடக்குவது

எவர்சில்வர் தட்டைத் தட்டினால் கணீரென்று ஒலித்து நெடுநேரம் அதிரும். அதன் அடியில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு தட்டினால் டப் என்று அடங்கிவிடும். டேம்பிங் ஷீட் செய்வது அந்த விரல் நுனியின் வேலை. அது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள பியூட்டைல் ரப்பர். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் அலுமினியத் தாள். தகடு வளையும்போது, தகட்டுக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகடு முழுவதையும் அங்குலம் விடாமல் மூட வேண்டும் என்பது விற்பவருக்கு உதவும் கருத்து. வெளித்தகட்டின் பெரிய சமதளப் பகுதியில், கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். அதற்கு மேல் சேர்ப்பது கதவின் எடையைக் கூட்டுமே தவிர ஒலியை அந்த அளவுக்கு மாற்றாது. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள இடம் மட்டும் தவறாமல் மூடப்பட வேண்டும்.

விலை குறைந்த ஷீட்டுகள் பல தார் கலந்தவை. மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காரின் கதவுத் தகடு கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும் ஊர்களில் நாம் இருக்கிறோம். அந்தச் சூட்டில் தார் இளகும், நாறும், நாளடைவில் வழுக்கிக் கீழே விழும். விழுந்த துண்டு கண்ணாடிப் பொறியில் சிக்கினால் செலவு வேறாகிவிடும். வாங்கும்போது ஷீட்டின் ஓரத்தை முகர்ந்து பார்த்தாலே பெட்ரோலிய வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் தகட்டைத் துடைப்பதில்தான் கடலோரத்துக் காருக்கும் உள்நாட்டுக் காருக்கும் வித்தியாசம். வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ கடல் காற்று படும் இடத்தில் நிற்கும் காரின் கதவுக்குள், கையில் தடவினால் தெரியும் அளவுக்கு உப்பும் நுண்மணலும் படிந்திருக்கும். உப்பின் மேல் ஷீட்டை ஒட்டினால், அதன் கீழே ஈரத்தையும் உப்பையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகும். வெளியே தெரியாமல் துரு வளரும். முதலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டு, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். ஏற்கெனவே துரு தென்பட்டால் அதைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசி, காய்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். ஷீட்டை வைத்தபின் சிறிய உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். அலுமினியத் தாளின் மேல் உள்ள புடைப்பு வடிவங்கள் தட்டையாகும் வரை உருட்டுவதே அளவு. மழை நாளில் இந்த வேலையை எடுக்காமலிருப்பது நல்லது.

நீர் போகும் வழி

முதன்முறையாகக் கதவைத் திறப்பவர்கள் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி, கதவுக்குள் தண்ணீர் வருவது இயல்பு என்பதுதான். கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் முழுத் தடுப்பு அல்ல. மழைநீர் கண்ணாடி வழியாக வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடி ஓரத்தில் உள்ள சிறு துளைகள் வழியாகச் சாலையில் வடியும்படியே கதவு அமைக்கப்பட்டுள்ளது. பிளாஸ்டிக் தாள் இருப்பது அந்த நீர் உள்தகட்டுத் துளைகளின் வழியாகக் காருக்குள் வராமல் தடுப்பதற்காகத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், ஒலி வெளியேறக் கூடாது என்று அடித்துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்திலேயே கதவு ஒரு தொட்டியாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையின் அளவை இந்தக் கரையோர மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் கரையைக் கடந்தது இந்தப் பகுதியில்தான். தேங்கிய நீர் கதவின் அடிமடிப்பை உள்ளிருந்து அரிக்கும், பூட்டின் மோட்டாரையும் கெடுக்கும்.

ஆகவே மூட வேண்டியது உள்தகட்டின் பெரிய துளைகளை மட்டுமே. அவற்றின் மேல் டேம்பிங் ஷீட்டை மட்டும் நீட்டி ஒட்டினால் வெயிலில் தொய்ந்துவிடும். மெல்லிய அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் தாளையோ துளையின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன் மேல் ஷீட்டை ஒட்டினால் உறுதியாக நிற்கும். பின்னாளில் மோட்டார் பழுதானால் இதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதால், நிரந்தரப் பசை எதையும் பூசக் கூடாது. கதவுக்குள் நீர்படும் பக்கத்தில் சாதாரண ஸ்பாஞ்ச் வைக்கவே கூடாது. அது நீரை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருக்கும். நுரை தேவைப்படும் இடத்தில் மூடிய அறைகள் கொண்ட, நீர் ஏறாத வகையையே பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்து டோர் பேடை மாட்டுவதற்கு முன், கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து குழாய் நீரைச் சில நிமிடங்கள் ஊற்றிப் பார்க்க வேண்டும். அடித்துளைகளில் நீர் வடிய வேண்டும், உள்தகட்டின் அறைப்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம். புதிய ஸ்பீக்கரின் திருகுத் துளைகள் காரின் துளைகளோடு ஒத்துப்போகாதபோது நடுவில் ஒரு வளையம் வேண்டும். இணையத்தில் காணும் வழிகாட்டிகள் பலவும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைச் சொல்லும். வறண்ட ஊருக்கு அது சரி. கடலூர்க் காற்றில், அதுவும் மழைநீர் வழியும் கதவுக்குள், எம்.டி.எஃப். வீங்கி, திருகின் பிடி விட்டுப்போகும். சமையலறை அலமாரிகளுக்குப் பயன்படும் பி.வி.சி. பலகையில் நல்ல அடர்த்தியுள்ள வகையையோ, வார்ப்பு பிளாஸ்டிக் வளையத்தையோ பயன்படுத்துவதே இங்கே பொருத்தம். வளையத்தின் இரு பக்கமும் மெல்லிய நுரைப் பட்டை ஒட்டி இறுக்கினால் கசிவு நின்றுவிடும். ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கும் டோர் பேடின் ஜாலிக்கும் இடையிலும் அப்படியொரு பட்டை வைப்பது, ஒலி பேடுக்குப் பின்னால் சிதறாமல் காருக்குள் வர உதவும்.

ஸ்பீக்கரும் வாட்டும்

ஸ்பீக்கர் தேர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோஆக்சியல் வகையில் பெரிய கூம்பின் நடுவிலேயே, உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் இருக்கும்; காம்பொனென்ட் வகையில் ட்வீட்டர் தனியாக வரும், அதை மேலே கண்ணாடி மூலையில் வைத்தால் பாடகர் காலடியிலிருந்து பாடாமல் கண்ணெதிரே பாடுவதுபோல் இருக்கும். முன்கதவுகளுக்குக் காம்பொனென்ட் வகை நல்லது. பின்கதவுகளுக்கும் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டுக்கும் பணம் போடுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. கச்சேரியில் நாம் மேடைக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. வாங்குமுன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து, கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் காந்தம் அதில் இடிக்காது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாட் என்னும் எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசத்தான் வேண்டும், ஏனெனில் ஏமாற்றத்தின் ஊற்று அதுவே. ஸ்டீரியோவின் பெட்டியில் நான்கு சேனலுக்கு 50 வாட் வீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 13.8 முதல் 14.4 வோல்ட் வரைதான். அதற்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவி இல்லாத சாதாரண ஸ்டீரியோ, தன் வெளியீட்டு முனையில் உச்சமாக 14.4 வோல்ட்டை எட்டினாலும், சீரான அலைக்கு அதன் பயனுறு மதிப்பு 10.2 வோல்ட்டுக்குள் அடங்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தரக்கூடிய ஆற்றல், 10.2-ஐ அதே எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்தால் வருவது: 26 வாட். உள் இழப்புகள் போக, உருக்குலையாத ஒலியாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல், என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணே நம்பத்தக்கது. உச்ச வாட் விளம்பரத்துக்கானது.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே ஒலிச் சிக்னலைப் பெருக்கும் தனிப் பெட்டியான ஆம்பிளிஃபையர் இல்லாமல் ஸ்டீரியோவிலேயே ஓட்டப் போகிறவர்கள், ஸ்பீக்கர் பெட்டியில், ஒரே வாட்டுக்கு எவ்வளவு ஒலி தரும் என்பதைக் காட்டும் சென்சிட்டிவிட்டி என்னும் எண்ணைப் பார்ப்பது நல்லது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், அதுவே ஆம்பிளிஃபையரை இருமடங்காக்கியதற்குச் சமம்.

இணைக்கும்போது பிளஸ், மைனஸ் மாறாமல் இருப்பது அழகுக்காக அல்ல. இடக்கதவில் ஒரு வகையாகவும் வலக்கதவில் எதிராகவும் இணைத்தால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றொன்று பின்னே போகும். நாம் கதவில் பாடுபட்டு நிறுத்திய அதே அழிவு, இப்போது இரு கதவுகளுக்கு இடையே நடக்கும். வயர் நிறத்தில் ஐயமிருந்தால், 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம்: செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே நகரும். கம்பெனி வயர்களை வெட்டாமல், அந்த மாடலுக்கான கப்ளரை வாங்கி இடையில் சேர்ப்பதே முறை. வயரை வெட்டியிருப்பதைக் கண்டால் வாரண்டியை மறுக்கச் சர்வீஸ் நிலையத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ஆம்பிளிஃபையர், ஃபியூஸ், எர்த்

ஆம்பிளிஃபையர் வைக்கும்போதுதான் வேலை ஆபத்தானதாகிறது, ஏனெனில் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயரைக் காருக்குள் கொண்டுவருகிறோம். அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் உரிந்தால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதன் வழியாகப் பாயும். வயர் சிவந்து தீப்பிடிக்கும். இதைத் தடுக்கும் ஒரே பொருள் பேட்டரியின் அருகே உள்ள ஃபியூஸ். ஆம்பிளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஆம்பிளிஃபையரைக் காப்பது. பேட்டரிக்கும் அதற்கும் இடையே ஓடும் நான்கைந்து மீட்டர் வயரை அது காக்காது. ஆகவே ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதன் ஆம்பியர் அளவு, வயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. என்ஜின் அறைத் தடுப்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும்.

வயரின் தடிமனைக் கணக்கிடலாம். சேனலுக்கு 75 வாட் வீதம் நான்கு சேனல் என்றால் 300 வாட். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகை ஆம்பிளிஃபையரின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் அது இழுப்பது 375 வாட், 13.8 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியர். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இருப்பதில்லை என்பதால் சராசரி இதைவிட மிகக் குறைவு, ஆனால் வயரை உச்சத்துக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்; 8 கேஜ் செம்பு வயரில் ஐந்து மீட்டருக்கு 27 ஆம்பியரில் இழப்பு ஏறக்குறைய 0.28 வோல்ட், 4 கேஜ் வயரில் 0.11 வோல்ட். இரண்டும் ஏற்கத்தக்கவையே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: மலிவாகக் கிடைக்கும் வயர் தொகுப்புகள் பலவற்றில் இருப்பது செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் என்பது ஒருபுறம். உப்புக் காற்றில் அதன் வெட்டுமுனைகள் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படுவது மறுபுறம். ஒரே ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் போதும். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அலுமினியம். மேலே வெள்ளையும் உள்ளே சிவப்புமாக இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளில் பயன்படும் வகை, கடற்கரையில் இருக்கும் காருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

எர்த் வயர் பிளஸ் வயரின் அளவுக்கே தடிமனாகவும், முடிந்தவரை குட்டையாகவும் இருக்க வேண்டும். பாடியில் ஒரு போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பின் மேல், வயர் முனையில் பொருத்தும் உலோக வளையமான லக்கை வைத்து இறுக்க வேண்டும். பெயின்ட்டின் மேலேயே இறுக்கினால் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். சுரண்டிய இடத்தை அப்படியே விட்டாலோ ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அதே ஊளை திரும்ப வரும்; இறுக்கிய பின் மேலே பெயின்ட்டோ வாசலினோ பூசி காற்றுப் படாமல் மூடிவிட வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் சிறிய சென்சார் பொருத்திய கார்களில், எர்த்தை அந்த முனையில் நேராக இணைக்காமல் பாடியில் இணைப்பதே சரி. இல்லையெனில் காரின் கணினிக்குத் தெரியாமல் மின்சாரம் போகும். ஒலிச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளை, பிளஸ் வயர் ஓடாத பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

உள் அலங்காரத்தின் எல்லை

கதவு திறந்திருக்கும்போதே உள் அலங்காரத்தையும் முடித்துவிடும் ஆசை எழும். பேடின் துணிப் பகுதிக்கு ரெக்ஸின் மாற்றுவது, கால் வைக்கும் இடத்தில் எல்.இ.டி. விளக்கு வைப்பது போன்றவை தீங்கற்றவை. விளக்குக்கான மின்சாரத்தை ஏதோ ஒரு வயரைக் கீறி எடுக்காமல், ஃபியூஸ் பெட்டியில் செருகும் இணைப்பின் வழியாக எடுத்தால் போதும். கடுமை காட்ட வேண்டிய இடங்கள் இரண்டு. முன்கண்ணாடித் தூணில் ட்வீட்டருக்காகத் துளையிடும் முன், அந்தக் காரில் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தத் தூணைத் தொடக் கூடாது, ஏனெனில் விரியும் பை ட்வீட்டரை முகத்தை நோக்கி எறியும். அதுபோலவே இருக்கையின் ஓரத்தில் காற்றுப்பைக் குறி தைக்கப்பட்டிருந்தால், முழுவதும் மூடித் தைக்கும் சீட் கவர் பையை விரியவிடாது. அந்த ஓரம் பிரியும்படி தைத்த கவரே வேண்டும். தரைவிரிப்பின் கீழ் சத்தத்தைக் குறைக்க நுரை போடுபவர்கள், மழைநாளில் நனைந்த செருப்போடு ஏறுகிறவர்கள் நாம்தான் என்பதை நினைவில் வைத்து, நீர் உறிஞ்சாத வகையையே போட வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபையரும் அந்த வரம்புக்குள் வருவன அல்ல. இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்து சப்வூஃபர் பெட்டி வைப்பது வரும். கண்ணாடிகளைப் பொறுத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி, முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. காரின் எண் பி.ஒய். 01 என்று தொடங்கினாலும் டி.என். 31 என்று தொடங்கினாலும் இவை பொதுவே.

கடைசி வேலை, அமைப்புகளைச் சரிசெய்வது. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பிளிஃபையரைப் பொருத்தும் கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுவதும் ஏற்றுவதே ட்வீட்டர்கள் எரிவதற்கு முதன்மைக் காரணம். ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, கெயினைக் குறைந்த நிலையிலிருந்து மெல்ல ஏற்றி, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். சப்வூஃபர் இருந்தால், கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் போகாதபடி வடிகட்டியை அமைத்து, அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் விட்டுவிடலாம். சிறிய கூம்புகள் தேவையற்ற உழைப்பிலிருந்து விடுபட்டு, குரல் இன்னும் தெளியும். ஸ்டீரியோவில் நேரச் சரிசெய்தல் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஓட்டுநருக்கு வலக்கதவு அருகில், இடக்கதவு தொலைவில். ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 செ.மீ. செல்வதால், அரை மீட்டர் வேறுபாட்டுக்கு வலப்பக்கத்தை ஏறக்குறைய ஒன்றரை மில்லி வினாடி தாமதப்படுத்தினால் பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார்.

இவற்றையெல்லாம் வீட்டு வாசலில், என்ஜினை அணைத்து, ஏ.சி.யை நிறுத்தி ஒருமுறை அமைத்துவிட்டு, பிறகு ஓடும் காரில், பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கொண்டு மறுமுறை அமைக்க வேண்டும். அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலூர் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலிதான். அது பாட்டின் பாஸை மூடிவிடும். அந்த வேகத்துக்குப் பொருந்தும்படி பாஸை இரண்டு மூன்று டெசிபல் கூட்டி வைத்தால், நிறுத்திய காரில் அது சற்று மிகையாகத் தோன்றும், சாலையில் சரியாக இருக்கும்.